நாங்கள் வில்லன்களாக வரும் புத்தகங்கள்

அல்லைப்பிட்டியில் பிறந்தவன் என்று வெளியூரில் சொன்னால் இரண்டு கேள்விகளில் ஒன்று கட்டாயம் வரும். "2006இல நீங்கள் ஊரிலயோ நிண்டனீங்கள்?" என்பது ஒன்று. "ஷோபாசக்தியைத் தெரியுமோ?" என்பது மற்றது. முதலாவதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இரண்டாவதைக் கேட்பவர்களுக்குக் கண் பளபளக்கும். இதே ஊரின் மணலுக்குள்ளிருந்து 1977இல் சோங் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளை எடுத்தார்கள். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் வந்து திரும்பவும் கிண்டிப் பார்த்தார்கள். அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. சாவாலும் எழுத்தாலும்தான் எங்கள் ஊர் வெளியே தெரிகிறது.

பணி ஓய்வு பெறும் வரை தமிழ் படிப்பித்தவன் நான். இலக்கியம் பிறர் துயரை நம் துயராக உணரச் செய்யும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளும் அதைச் சோதனையில் அப்படியே எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்குள் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. பிறர் துயர் என்றதும், அந்தத் துயரைக் கொடுத்தவனும் பிறன்தான் என்ற நினைப்புத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். துயரைக் கொடுத்த ஆட்களுக்குள் எங்கள் வீட்டாரும் நிற்கிற புத்தகம் கைக்கு வந்தால் வாசிப்பு எப்படியெல்லாம் நொண்டும் என்பதை நான் என்னிலேயே பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் வயதுப் பெடியள் வெறி பிடித்தது போல வாசித்தோம். கோர்க்கியின் 'தாய்' கைமாறிக் கைமாறி, அட்டை கழன்று, கடைசிப் பக்கங்கள் இல்லாமல்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இன்றைக்கும் எல்லோர் நினைவிலும் நிற்பது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதை. எழுதியவர் எம்.ஏ. நுஃமான், கல்முனைப் பக்கத்து முஸ்லிம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். அதே 1981இல் அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' வந்தது. மஹ்மூத் தர்வீஷை எங்கள் தலைமுறை அறிந்தது அந்தச் சின்னப் புத்தகத்தால்தான். சோதனைச்சாவடியில் மறித்து வைக்கப்பட்டவன் நாங்கள், காணி பறிபோனவன் நாங்கள், எங்கோ ஒரு முகாமில் திறப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கிழவியும் எங்கள் ஆச்சிதான். பலஸ்தீனம் என்று இருந்த இடத்திலெல்லாம் ஈழம் என்று போட்டு வாசித்தோம். அதில் பிழையில்லை. இந்த நாட்டில் நாங்கள் சிறுபான்மைதான், அடி வாங்கியதும் உண்மைதான்.

அந்தக் காலத்தில் எங்கள் வளவில் ஒரு தகரப்பேணி இருந்தது.

பால்மா வந்த பேணி. வெட்டின வாய் கையைக் கிழிக்காமல் விளிம்பைக் கல்லால் தட்டி மழுக்கியிருக்கும். பின்வேலியில், பூவரசங் கதியால் ஒன்றின் கவட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். வேலி அடைக்கவும் ஓலை வெட்டவும் வருகிறவருக்கு அதில்தான் தேத்தண்ணி. அம்மா செம்பை உயரத் தூக்கி ஊற்றுவா. குடித்து முடிந்ததும் அவரே கழுவி, அவரே கதியாலில் கவிழ்த்துவிட்டுப் போகவேணும். ஐயாவைவிட வயது கூடியவர் அவர். ஐயா அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். அவர் பள்ளிக்கூடம் போகும் என்னைச் 'சின்ன நயினார்' என்பார். நான் வேப்பமரத்துக்குக் கீழே சாக்குக் கட்டிலில் கிடந்து தர்வீஷை வாசித்துக்கொண்டிருப்பேன். கட்டிலுக்கும் வேலிக்கும் இடையில் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒருநாளும் எனக்கு அது உறைத்ததில்லை.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்த நாவல். என் கைக்கு அது கிடைத்தது மிகவும் பிந்தி. எங்களைப் போன்றவர்களின் வீட்டு அலுமாரியில் இருக்கக்கூடிய புத்தகம் இல்லை அது. ஒரு சிநேகிதன் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். ஏதோ சாராயப் போத்தலைத் தருகிறவன் போல. டானியல் வெறும் கற்பனையில் எழுதியவர் இல்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலம், தேநீர்க்கடைகளுக்குள் போய் உட்காரும் போராட்டங்கள், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தவை எல்லாவற்றையும் கிட்ட நின்று கண்டவர், அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்றவர். தீண்டாமை குற்றம் என்று 1957இலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து பத்து வருஷத்துக்குப் பிறகும் ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு அடிபட வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகத்தை நான் பாதியில் மூடினேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன்: "பிரசாரம் கூடிப்போச்சு, கலைத்தன்மை போதாது." இந்தப் பதில் என்னுடைய சொந்தச் சரக்கு இல்லை. அறுபதுகளில் பண்டிதர்கள் சிலர் டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்களின் எழுத்தை 'இழிசனர் இலக்கியம்' என்றே சொல்லி ஒதுக்கினார்கள். கஸ்தூரியார் வீதியில் முடி திருத்தும் கடைக்குள் இருந்துகொண்டு 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய ஜீவா, அதற்கு முன்னரே 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியிருந்தார். பரிசு வாங்கியவரையும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் காலத்தில் அப்படி வாய்விட்டுச் சொல்ல வெட்கம், அதனால் கலைத்தன்மை என்று சொல்லப் பழகியிருந்தோம்.

உண்மையான காரணம் வேறு. நாவலில் ஒரு கமக்காரன் வாய் திறந்தால் ஐயாவின் குரல் கேட்டது. அதே அதட்டல், அதே பகிடி, பகிடிக்குப் பிறகு அதே செருமல். கதை நடக்கும் ஊர் வேறு, பெயர்கள் வேறு, ஆனால் அந்த முற்றத்தின் படலை எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட என்னால் சொல்லக்கூடியதாக இருந்தது. 'தாய்' நாவலில் இல்லாத பிரசாரமா? அதை நாங்கள் ஒருபோதும் பிரசாரம் என்று சொன்னதில்லை. அங்கே முதலாளி ரஷ்யாக்காரன்.

ஐயா புத்தகத்தைக் கண்டுவிட்டார். இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். "உவன் டானியல் கூட்டிச் சொல்றான்," என்றார். எந்த இடத்தில் கூட்டிச் சொல்லியிருக்கிறான் என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது. ஐயாவிடம் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. அம்மா மட்டும், "உதை அவர் வேலி அடைக்க வாற நாளில வெளியில வைச்சிராதை," என்றா. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறதென்று எங்கள் மூவரிலும் சரியாக விளங்கிக்கொண்டவ அவதான்.

அதற்குப் பிறகு நான் எழும்பிப் போய் அந்தப் பேணியைத் தூக்கி எறிந்தேன் என்று எழுதினால் கதை அழகாக முடியும். எறியவில்லை. மூடிய புத்தகத்தைத் திரும்ப எடுத்து வாசித்து முடித்தேன், சிநேகிதனிடம் திருப்பிக் கொடுத்தேன், ஒரு வாரம் மனம் சரியில்லாமல் திரிந்தேன், பிறகு எல்லாம் பழையபடி. 1990 ஓகஸ்ட் வரைக்கும் பேணி கதியாலிலேயே இருந்தது.

அந்த ஓகஸ்டில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் சிக்கியிருந்த படையினரை மீட்க ராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போன பெடியள் பலர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாய்மாரில் பலர் தேடித் தேடியே செத்துப்போனார்கள். நாங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறி அராலிப் பக்கம் கரையேறினோம்.

யாழ்ப்பாணத்துக்குள் நாங்கள் 'தீவார்'. அந்தச் சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், யாழ்ப்பாணத்தார் வாயில் இன்னொரு பொருள். முதலில் தங்கிய இடத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் அம்மா தண்ணீர் அள்ளப் போனா. அந்த வீட்டுக்காரி கெட்டவ இல்லை. "நீங்கள் அள்ள வேண்டாம் பிள்ளை, நாங்கள் அள்ளி ஊத்துறம்," என்றுதான் சொன்னா. நாங்கள் ஆர், எவர் என்று அவவுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கவனமாக இருப்பது அந்த ஊர்ப் பழக்கம். அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றா. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. இரவு மட்டும், "அவருக்கு நான் எவ்வளவு உயரத்தில இருந்து ஊத்தியிருப்பன்?" என்று கேட்டா. யாரைச் சொல்கிறா என்று ஐயா கேட்கவில்லை. என்னைப் 'பஞ்சமர்' பாதி தூரம்தான் கொண்டுபோனது. மீதித் தூரத்தை அந்தக் கிணற்றடி கொண்டுபோனது என்று சொன்னால் டானியல் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அடி வாங்கினவனுக்கு அடுத்தவன் அடி தெரியும் என்பதெல்லாம் சும்மா. இரண்டு மாதத்தில் அது எனக்கு விளங்கியது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அறிவித்துக் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேல். பெரும்பகுதியினர் புத்தளத்தில் போய் ஓலைக்கொட்டில் போட்டார்கள். அதற்கு முந்திய ஓகஸ்டில்தான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டிருந்தார்கள். கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. "கிழக்கில அவங்கள் செய்தவங்கள்தானே" என்றது எங்கள் பக்கம். யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் சட்டை தைத்துக்கொண்டிருந்த மனுஷன் கிழக்கில் என்ன செய்தார் என்று கேட்க ஆளில்லை. நானும் கேட்கவில்லை. பயம் ஒரு காரணம். ஆனால் பயத்தை மட்டும் காரணம் சொன்னால் அது பொய்யாகிவிடும். இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு வீடு தேவைப்பட்டது.

கொஞ்ச நாளில் எங்களுக்கு அங்கே ஒரு வீடு கிடைத்தது. நிலையும் யன்னலும் அப்போது கழற்றப்படாமல் இருந்தன. முன்னறையில் தையல் மெஷின் நின்ற அடையாளம் சீமெந்து நிலத்தில் நாலு குழியாக இருந்தது. மெஷினை ஏற்கெனவே யாரோ கொண்டுபோய்விட்டார்கள். மூலையில் ஒரு நீட்டுக் கொப்பி கிடந்தது. தையல்காரரின் அளவுக் கொப்பி. பெயர், நீளம், நெஞ்சு, கழுத்து, கை, பிறகு எந்தத் திகதிக்குக் கொடுக்கவேணும் என்ற குறிப்பு. பெயர்களில் முக்கால்வாசி தமிழ்ப் பெயர்கள். வேலணை ஆட்கள் இருந்தார்கள், மண்கும்பான் ஆட்கள் இருந்தார்கள். பின்பாதி முழுக்க வெற்றுத்தாள்.

பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெயும் இல்லை, தாளும் இல்லை. பேப்பர்க்காரர்களே கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் அச்சடித்த நாட்கள் அவை. எனக்கு அந்த வெற்றுத்தாள்கள் பொக்கிஷமாகத் தெரிந்தன. தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து, எனக்குப் பிடித்த கவிதைகளைப் பார்த்து எழுதி நிரப்பினேன். முதலில் எழுதியது பலஸ்தீனக் கவிதைகள். துரத்தப்பட்ட முஸ்லிம் ஒருவரின் வீட்டில், அவருடைய கொப்பியில், ஒரு முஸ்லிம் கவிஞர் தமிழாக்கிய துரத்தப்பட்டவர்களின் கவிதைகளைப் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் மணிமணியாக எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் இடிக்கவில்லை. அந்தக் கவிதைகளுக்குள் அகதி நான்தான்.

ஐந்து வருஷம் கழித்து 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழைக்குள், செம்மணி வெளியால், ஒரே இரவில் லட்சக்கணக்கான சனம். திகதி ஒன்றாக வந்ததைப் பலர் பிறகு பேசினார்கள். அல்லாவின் தண்டனை என்று தமிழரே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கையில்லை. சாவகச்சேரிக்கு நடந்த கைக்குழந்தையை எந்தக் கடவுளும் எதற்காகவும் தண்டித்திருக்க மாட்டார். ஆனால் அந்த நடையில் அளவுக் கொப்பி என் பைக்குள் இருந்தது. எனக்கு முன்னால் போனவர் சுவர் மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். மணிக்கூட்டைக்கூடக் கொண்டுபோக விடாமல் அனுப்பப்பட்டவர்களின் நினைவு அப்போதுதான் முதன்முதலில் வந்தது.

வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் எழுதியதை நான் வாசித்தது 2002 சமாதான காலத்துக்குப் பிறகுதான். பாதை திறந்து, புத்தகங்கள் வரத் தொடங்கின. முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்ட முல்லை முஸ்ரிபாவின் கவிதைகள் கிடைத்தன. வன்மமாக ஏதாவது இருக்கும், அதைச் சாட்டி மூடிவைக்கலாம் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் போலும். இருந்தது ஊர்ப்பாசம். எங்களுடைய அதே வயல், அதே கடல், அதே தமிழ். 'பஞ்சமரை' மூடியது போல அதை மூட முடியவில்லை. கலைத்தன்மை போதாது என்று சொல்லவும் வழியில்லை. அந்த வருஷம் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் புலிகள் தரப்பே முஸ்லிம்களை வெளியேற்றியது பிழை என்ற மாதிரிப் பேசிவிட்டது. தலைமை சொல்லிவிட்டதால் சனத்துக்கும் சொல்ல வசதியாகப் போயிற்று. எனக்கு அது இன்னும் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் வாசிப்பு சொல்லவைக்காததை ஒரு செய்தியாளர் சந்திப்பு சொல்லவைத்ததே என்று.

சோனகத் தெருவுக்கு ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தபோது கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். தையல்காரர் புத்தளத்திலேயே காலமாகிவிட்டார். அவருடைய தம்பியார் இருந்தார். கூரையில்லாத வீட்டின் ஒரு பக்கத்துக்குத் தகரம் போட்டுச் சின்னக் கடை வைத்திருந்தார். கொப்பியை வாங்கி, விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பெயரில் விரலை வைத்து, "இவர் இன்னும் காசு தரவேணும்," என்று சிரித்தார். பின்பக்கம் திருப்பினார்.

"இது ஆற்ற எழுத்து, மாஸ்ரர்?"

"என்ர எழுத்து. கவிதையள். நுஃமானின்ர மொழிபெயர்ப்பு."

"கல்முனை ஆளோ?"

"ஓம்."

தலையை ஆட்டினார். ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்தார். பிறகு சொன்னார்: "நல்லா எழுதியிருக்கிறியள். காக்காவுக்கு ஒரு காயிதம் போட்டிருக்கலாம் மாஸ்ரர். உங்கட சட்டைக் கொப்பி என்னட்டை இருக்குது எண்டு. புத்தளத்துக்குத் தபால் போனதுதானே."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தேத்தண்ணி வரவழைத்தார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். இலக்கியம் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை. இத்தனை கவிதையைக் கையால் எழுதியவனுக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றவில்லை. ஆசிரியர் கூட்டங்களில் வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு இப்போதும் அந்தத் தகரக் கொட்டில் நினைவுக்கு வரும்.

அப்படியென்றால் வாசிப்பால் பயனில்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அதை எங்கள் ஊரே எனக்குக் காட்டியது.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. அல்லைப்பிட்டியில் பிறந்து, சின்ன வயதிலேயே இயக்கத்துக்குப் போய், விலகி, பிரான்சில் அகதியானவர் எழுதிய நாவல். அரசியல் தஞ்சம் கேட்டு எழுதும் விண்ணப்பமாகத் தொடங்கும். ராணுவம் செய்ததை எழுதிய அதே கையால் இயக்கம் செய்ததையும், ஊர் செய்ததையும் எழுதினார். சுகனோடு சேர்ந்து அவர் தொகுத்த 'சனதருமபோதினி', 'கறுப்பு' தொகுப்புகளும் அந்த இரண்டு வருஷத்துக்குள் வந்தன. 2015இல் அவர் நடித்த 'தீபன்' கான் விழாவில் தங்கப்பனை வாங்கியபோது ஊர் பெருமைப்பட்டது. 'கொரில்லா' வந்தபோது ஊர் அவ்வளவு பெருமைப்படவில்லை. "உள்ளதைச் சொல்லிப்போட்டான்" என்றவர்களும் உண்டு, "ஊரை நாறடிச்சுப்போட்டான்" என்றவர்களும் உண்டு. ஆனால் வாசித்தார்கள்! எதுவும் வாசிக்காத ஆட்களெல்லாம் போட்டோக் கொப்பி எடுத்து வாசித்தார்கள். இது இன்னாருடைய தகப்பன், இது இந்தச் சந்தி, இது நானோ என்று தேடித் தேடி வாசித்தார்கள்.

படித்தவர்கள் இதை வம்பு வாசிப்பு என்று கேலி செய்தார்கள். நான் செய்யமாட்டேன். கதைக்குள் தான் எங்கே நிற்கிறேன் என்று பயத்தோடு தேடுகிறவன்தான் உண்மையில் வாசிக்கிறான். தர்வீஷிடம் நான் தேடவேயில்லை, பாதிக்கப்பட்டவனின் இருக்கை எனக்கென்று போட்டே இருந்தது. டானியலிடம் என்னைக் கண்டேன், ஓடினேன்.

2006 மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியிலும் அயலிலுமாக 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் கைக்குழந்தையும் உண்டு. ஓகஸ்ட் 13ஆம் திகதி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மீது ஷெல் விழுந்தது. காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடித் திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் ஒரு கிழமைக்குப் பிறகு, ஓகஸ்ட் 20ஆம் திகதி, காணாமல் போனார். இன்னும் வரவில்லை. இதற்கு மேல் இதை விவரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதவேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தெற்கிலிருந்து சிங்கள நண்பர்கள் சிலர் ஊருக்கு வந்து போவதுண்டு. அதில் ஓர் ஆசிரியர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர், என்னிடம் கேட்டார்: "சேர், உங்கட ஆக்களின் துன்பத்தை எங்கட ஆக்கள் வாசிக்கவேணும் எண்டா எதைக் கொடுக்கிறது?" சில புத்தகங்களின் பெயர் சொன்னேன். சொல்லும்போதே தொண்டையில் ஏதோ நின்றது. இந்த மனிதர் அதை வாசிக்கும்போது எங்கே நிற்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்? எங்களுக்காகக் கண்ணீர் விட்டால் எனக்குப் போதாது. அந்த இரவு துவக்கோடு வந்தவர்களின் பக்கம் தன்னுடைய வீட்டார் நின்றார்கள் என்ற கூச்சத்தோடு அவர் வாசிக்கவேண்டும். அதைத்தான் எதிர்பார்க்கிறேன். 1990 ஒக்டோபரை அப்படி வாசிக்காத ஒரு யாழ்ப்பாணத் தமிழனுக்கு இதைக் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டும் ஒரே அளவு குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. தராசு பிடிக்கிற வேலை எனக்கு வேண்டாம். வாசிக்கிறவன் எங்கே நிற்கவேணும் என்பது மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த புத்தகங்களில் 'பஞ்சமர்' இருந்தது. நிர்வாகத்தில் ஒருவர், என்னிடமே படித்த தம்பி, மரியாதையாகத்தான் கேட்டார்: "சேர், இப்ப ஆர் சாதி பாக்கினம்? ஏன் பழசைக் கிளறுவான்?" 2018இல் தென்மராட்சி வரணியில் ஒரு கோயில் தேரை எல்லாச் சாதியாரும் சேர்ந்து வடம் பிடித்து இழுக்க விடாமல் மண் அள்ளும் இயந்திரத்தைக் கட்டி இழுத்தார்கள் என்ற செய்தி நாடெங்கும் அடிபட்டது. அதைச் சொன்னேன். "அது வரணி, சேர்," என்றார். ஐயாவும் இப்படித்தான். டானியல் எழுதியது எல்லாம் வேறெங்கோ நடந்தது.

மண்கும்பான் கடற்கரையில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அல்லைப்பிட்டிக்கு அடுத்த ஊர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்கு நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் பார்க்கக் குறிகட்டுவான் துறைக்குப் போகும் பஸ் அந்தப் பக்கத்தால்தான் போகும். பள்ளிவாசல் எப்படி அங்கே வந்தது, யார் தொழுதார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

தமிழ் படிப்பிக்கும் தம்பிமார், தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். பலஸ்தீனக் கவிதையைப் படிப்பியுங்கள், நல்ல விஷயம். அதே கிழமை டானியலில் ஓர் அத்தியாயமும் முஸ்ரிபாவில் ஒரு கவிதையும் படிப்பியுங்கள். வாசித்து முடிந்ததும் பிள்ளைகளிடம் "யாருக்காகக் கவலைப்பட்டாய்?" என்று கேட்கவேண்டாம். அதற்கு எல்லாப் பிள்ளைக்கும் விடை தெரியும். "இதில உன்ர வீட்டார் எந்தப் பக்கம் நிண்டிருப்பினம்?" என்று கேளுங்கள். அடுத்த நாள் ஒரு தகப்பன் வாசலில் வந்து நிற்பார், அதிபரிடம் முறைப்பாடும் போகும். தேத்தண்ணி கொடுத்து இருத்திப் பேசுங்கள். புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாட்டு இப்போது செல்லாது. 'மல்லிகை'யின் பழைய இதழ்கள் உட்பட ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. காசு கட்டத் தேவையில்லை.